மூன்று மணி பத்து நிமிஷம்

சேசு மரி சூசை துணை

நீலசந்திரா, பெங்களூர்
9-6-1957

அன்புள்ள அக்கா லூர்துமேரிக்குத் தம்பி பெர்னார்ட் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் சம்பூர்ணமும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி, தியோடர் மாமாவின் ஷிப்டு, சாம்பியன் ரீஃபில் தண்ணீர்க் கஷ்டம் எல்லாம் எப்படி இருக்கிறதென்று எழுது.

உடம்பு சுகம்தான், மனசுதான் கொதிக்கிறது. போன மாதம் நீயும் ரயிலேறி வந்து கேட்டாயே, நம் சிரிலின் கிளாரினெட் கச்சேரி, அதைப் பற்றி 'தூதன்' வாரப் பத்திரிகையில் ஒருவன் எழுதியிருக்கிறான். சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளத் தைரியமில்லை. 'மூன்றாம் வரிசை' என்று புனைபெயர். அவன் எழுதியதை அப்படியே காப்பி பண்ணுகிறேன், பார்.

"சிரிலின் வாசிப்பில் குறை சொல்ல அதிகமில்லை. சுருதி சுத்தம். சங்கராபரணம் பரவாயில்லை. ஆனால் நீண்ட சங்கதிகளை நடுவில் முறித்து, நிறுத்தி எடுப்பது அழகாக இல்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கச்சேரி சோர்ந்துவிட்டது. அவர் இரண்டு மணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது."

திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். 'பரவாயில்லை'யாம். பரீட்சைப் பேப்பரில் போனால் போகிறதென்று முப்பத்தைந்து மார்க் போடுகிற மாதிரி. எந்த நிறுத்தலை அழகில்லை என்கிறானோ அதற்குத்தான் கொட்டகை முழுக்கக் கைதட்டியது. சங்கதி மேலே ஏறும்போது டக்கென்று விட்டு, கண் இமைக்கிற நேரம் கழித்துத் திரும்ப எடுப்பாரே, அது இந்த இரண்டு வருஷத்தில் அவர் கொண்டுவந்த பாணி. அது தெரியாதவனுக்குப் பேனா எதற்கு?

எட்டு வருஷம் நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் டிரில் பிடித்த கை, அக்கா. எந்தச் சபாக்காரன் அவருக்கு மேடை கொடுத்தான்? நம் சனங்கள்தான் கொட்டகை போட்டு, பெஞ்சு தூக்கி, அவரை மனுஷனாக உட்கார வைத்தோம். ரசிகர் சங்கம் நேற்றே கூடியது. தலைவர் முனியப்பன், கட்டட மேஸ்திரி, உனக்குத் தெரியும், என் தோளைப் பிடித்து, "யாருன்னு மட்டும் கண்டுபுடி பெர்னார்ட்டு, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் காரியதரிசி. கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

மாமாவுக்கு என் வந்தனம்.

உன் தம்பி,
பெர்னார்ட்

---

சாம்பியன் ரீஃப்
20-6-1957

அன்புள்ள தம்பி பெர்னார்டுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே மாமா சுகம். என் முழங்கால் பள்ளிக்கூடத்துப் படியில் மட்டும் முரண்டு பிடிக்கிறது. சம்பூர்ணத்துக்கு மசக்கை எப்படியிருக்கிறது? புளிப்பு அதிகம் தராதே.

உன் கடிதம் வந்தது. அந்த விமர்சனத்தைப் படித்தேன். இவ்வளவு கோபம் வர அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. சுருதி சுத்தம் என்றுதானே சொல்லியிருக்கிறது? கேட்டவருக்கு எப்படிக் கேட்டதோ அப்படி எழுதியிருப்பார்.

ஒன்று கேட்க வேண்டும். சிரிலுக்கு இருமல் இருக்கிறதா? மாடிப்படி ஏறினால் நின்று நின்று ஏறுகிறாரா? கச்சேரிக்கு அடுத்த நாள் படுத்தே இருக்கிறாரா? விசாரித்து எழுது. அவர் கச்சேரியைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

அக்கா,
லூர்துமேரி

---

நீலசந்திரா
1-7-1957

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே எல்லாரும் சௌக்கியம். சம்பூர்ணம் மாங்காயைத் தவிர எதையும் தொடுவதில்லை.

நீ கேட்டாய் என்று சொல்கிறேன், சிரிலுக்கு இருமல் இருக்கிறது. பெங்களூர் குளிருக்கு யாருக்குத்தான் இல்லை? அதை விடு. ஆளைப் பிடித்துவிட்டேன்.

'தூதன்' ஆபீஸில் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்றார்கள். சரி, 'மூன்றாம் வரிசை' என்று எழுதுகிறவன் மூன்றாம் வரிசையில்தானே உட்காருவான் என்று யோசித்தேன். நம் கொட்டகைக்கு மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு பெரியவர் தவறாமல் வருகிறார். பெயர் சீனிவாசராகவன், பென்ஷன் வாங்குகிறவர். மூன்றாம் வரிசை, ஓரத்து நாற்காலி. மடியில் ஒரு நோட்டுப் புத்தகம், கச்சேரி முடிகிறவரை பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பார். வேறு சாட்சி வேண்டுமா?

அடிதடி வேண்டாமென்று நான்தான் சொன்னேன். அதைவிட நல்ல யோசனை கொடுத்தேன். ஐம்பது தபால் கார்டு வாங்கி, சாவுச் செய்திக்குத் தடவுகிற மாதிரி நாலு மூலையிலும் கறுப்பு மை தடவினோம். ஒவ்வொன்றிலும் இப்படி எழுதினோம்: "தங்கள் இரு செவிகளும் காலமான செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறோம். கருமாதிக்குத் தேதி குறித்துத் தெரிவிக்கவும்." எழுதும்போது முனியப்பன் சிரித்த சிரிப்பில் மைக்கூடு கவிழ்ந்துவிட்டது. நாற்பத்திரண்டு கார்டைத் தபாலில் போட ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தாயிற்று. தினம் ஆறு ஏழாகப் போய்ச் சேரும். மிச்சம் கைவசம் இருக்கிறது. நினைக்க நினைக்க வயிறு குளிர்கிறது, அக்கா.

பெர்னார்ட்

---

சாம்பியன் ரீஃப்
4-7-1957

தம்பி பெர்னார்டுக்கு, எல்லாரும் சுகம்.

சாவுக் கார்டு விளையாட்டுப் பொருள் இல்லை. நம் அப்பா செத்தபோது அந்தக் கார்டுகளை எழுதியவள் நான். மிச்சத்தை அடுப்பில் போடு. மூன்றாம் வரிசையில் எத்தனையோ பேர் உட்காருகிறார்கள். அந்தப் பெரியவர்தான் எழுதினார் என்று உனக்கு யார் சொன்னது? அவர் இல்லையென்றால் என்ன செய்வாய்? உடனே பதில் போடு.

அக்கா

---

நீலசந்திரா
28-7-1957

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதத்துக்குப் பதில் தாமதமாகிவிட்டது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். சீனிவாசராகவனின் மகன் பட்டாளத்தில், காஷ்மீர் பக்கம் இருக்கிறானாம். முதல் கார்டுகள் போனபோது பெரியவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அவர் சம்சாரத்துக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரன் கொடுத்ததை வாங்கிய அந்தம்மா, நாலு மூலையிலும் கறுப்பைப் பார்த்ததும் மகன்தான் போய்விட்டான் என்று வாசற்படியிலிருந்து விழுந்து, மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரே கார்டுக் கட்டை எடுத்துக்கொண்டு நீலசந்திராவுக்கு நடந்து வந்தார். சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் இருந்தோம். சத்தம் போடுவார் என்று பார்த்தால் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக ராகத்தின் பெயர், தாளத்தின் பெயர், அவ்வளவுதான். "நான் எழுதலைப்பா. எனக்கு நாலு வரி கோவையா எழுத வராது. அவளால கச்சேரிக்கு வர முடியாது, முட்டி வீங்கிடும். என்ன வாசிச்சார்னு குறிச்சிண்டு போய் ஆத்துல பாடிக் காட்டுவேன்" என்றார். அவர் போகும்போது முனியப்பன் குடையை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அவமானமாக இருக்கிறது, அக்கா. ஆனால் அந்த அவமானத்துக்கும் சேர்த்து அந்த 'மூன்றாம் வரிசை' பதில் சொல்ல வேண்டும். அவன் ஒழுங்காக ஒரு பெயரைப் போட்டிருந்தால் அந்தம்மா கை ஏன் முறிகிறது? எங்கேயோ உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான். கையில் கிடைக்கட்டும், எழுதிய விரலை ஒடிக்காமல் விடப்போவதில்லை. இது நான் சங்கத்தில் சிலுவை போட்டுச் சொன்ன வார்த்தை.

பெர்னார்ட்

---

சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீஃப்
4-8-1957

அன்புள்ள தம்பிக்கு, நீயும் சம்பூர்ணமும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்தம்மா கையை நினைத்து மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேலும் மறைத்தால் எனக்குப் பாவமன்னிப்பு கிடையாது. 'மூன்றாம் வரிசை' நான்தான். இரண்டு வருஷமாக எழுதுகிறேன். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில்தான் உட்காருவேன், நீதானே இடம் பிடித்துக் கொடுப்பாய். எழுதியதைத் தபாலில் சேர்ப்பவர் மாமா.

ஏன் அப்படி எழுதினேன் என்று கேள். நம் அப்பா சுரங்கத்தை விட்டு வந்த கடைசி இரண்டு வருஷம் சாயங்கால ஜெபமாலை உனக்கு நினைவிருக்கிறதா? நீ சின்னவன். முதலில் அவர் ஒரே மூச்சில் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிப்பார். பிறகு பாதியில் நிறுத்தி, ஒரு இமை நேரம் கழித்து மிச்சத்தைச் சொல்வார். பிறகு மூன்று துண்டு. கடைசியில் நாம்தான் சொன்னோம், அவர் மணியை மட்டும் உருட்டினார். கல்தூசி நெஞ்சில் உட்கார்ந்தால் மூச்சு அப்படித்தான் முறியும்.

சிரில் சங்கதியை விட்டு எடுக்கிற இடத்தில் நான் அப்பாவைக் கேட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். அது பாணி இல்லை, தம்பி.

நெஞ்சில் தூசி என்று பத்திரிகையில் எழுதினால் அவரை ஒருவரும் கச்சேரிக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் அழகாக இல்லை என்று எழுதினேன், இரண்டு மணியோடு நிறுத்தட்டும் என்று எழுதினேன். வெளிப்படையாகச் சொல்லாதது என் தப்பு. அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடு. என் விரலை அப்புறம் ஒடித்துக்கொள்ளலாம்.

உன் அக்கா,
லூர்துமேரி

---

சாம்பியன் ரீஃப்
2-9-1957

அன்புள்ள தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல் என்று வழக்கமாக எழுதுவோம். இந்த முறை உண்மையாகவே ஆவலாக இருக்கிறது. ஒரு மாதமாகத் தபால்காரர் என் முகத்தைப் பார்க்காமல் போகிறார். நான் அனுப்பிய குழந்தைச் சட்டைத் துணி வந்ததா? சிரிலை டாக்டரிடம் காட்டினாயா? திட்டியாவது எழுது.

அக்கா

---

நீலசந்திரா
29-9-1957

உயர்திரு லூர்துமேரி டீச்சரம்மா அவர்களுக்கு, பெர்னார்ட் எழுதுவது. இங்கு நலம். தாங்கள் அனுப்பிய துணி வந்து சேர்ந்தது.

தாங்கள் எழுதியதை ஐந்தாறு தடவை படித்தேன். ஊரே கொண்டாடுகிற ஒரு வித்துவானை, அதுவும் நம் சுரங்க லைன் வீட்டில் பிறந்தவனை, நம் வீட்டுப் பெண்ணே பத்திரிகையில் இறக்கி எழுதிவிட்டு அப்பாவைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். அப்பா படிக்காத கூலி. சிரில் வித்துவான். இருமுகிறவன் எல்லாம் அப்பா ஆகிவிட முடியாது. என் முன்னால் உட்கார்ந்து என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டு, நான் கொதித்து எழுதியதை எல்லாம் படித்துவிட்டு, 'அதில் என்ன இருக்கிறது' என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விரலை ஒடிக்கப் போவதில்லை. அதைவிட நல்ல தண்டனை வைத்திருக்கிறேன். அக்டோபர் 13, ஞாயிறு காலைப் பூசை முடிந்து, பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை சிரில் கச்சேரி. முழுசாக நாலு மணி நேரம். 'இரண்டு மணியோடு நிறுத்து' என்றவருக்கு இரண்டு மடங்கு. சிரிலிடம் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார். மேடைத் தூணில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெரிய கடிகாரம் மாட்டப் போகிறோம், எங்கள் பஸ் டெப்போவிலிருந்து நானே கழற்றிக்கொண்டு வருகிறேன். முன்னால் ஒரு நாற்காலி போட்டு 'மூன்றாம் வரிசை' என்று அட்டை கட்டி வைப்போம். தாங்கள் யாரென்று இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. தைரியமிருந்தால் வந்து உட்காரவும்.

இப்படிக்கு,
பெர்னார்ட்

---

சாம்பியன் ரீஃப்
3-10-1957

தம்பி, எல்லாரும் சுகம்.

நான் எழுதியது தப்பு என்று 'தூதனில்' மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். சொந்தப் பெயரில் எழுதுகிறேன். உன் சங்கத்து வாசலில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். நாலு மணி நேரம் மட்டும் வேண்டாம். என்னைத் தண்டிப்பதற்கு அவர் மூச்சை எடுக்காதே.

இதோடு சிரிலுக்கு ஒரு தனி உறை வைத்திருக்கிறேன். அப்பாவின் வியாதியைப் பற்றி எல்லாம் அதில் இருக்கிறது. நீ படிக்க வேண்டாம், என்னை நம்ப வேண்டாம், அதை அவர் கையில் கொடுத்துவிடு. அவர் முடிவு செய்யட்டும். அந்த நாற்காலியில் நான் வந்து உட்கார மாட்டேன். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா

---

நீலசந்திரா
20-10-1957

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் உறையைச் சிரிலிடம் கொடுக்கவில்லை. கச்சேரி முடிந்ததும், ஜெயித்த பிறகு, சிரித்துக்கொண்டே கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

சரியாகப் பத்துக்கு ஆரம்பித்தார். வாசலுக்கு வெளியேயும் கூட்டம். பன்னிரண்டு மணி ஆனதும் முனியப்பன் எழுந்து கடிகாரத்தைக் காட்ட, சனங்கள் கடிகாரத்துக்குக் கைதட்டினார்கள். காலி நாற்காலியைப் பார்த்துச் சீட்டி அடித்தார்கள். நானும் அடித்தேன். சிரில் வேர்வையில் குளித்திருந்தார். ஒரு மணிக்குக் காம்போதி எடுத்தார். அப்படி ஒரு காம்போதியை நான் கேட்டதில்லை. சங்கதி மேலே ஏறியது. டக்கென்று விட்டார்.

நாங்கள் கைதட்டினோம். எப்போதும் தட்டுவோமே, அந்த இடம். அவர் திரும்ப எடுக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினோம். மிருதங்கக்காரர் கையைத் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்கிறார், நாங்கள் நிறுத்தவில்லை. கிளாரினெட் மடியிலிருந்து உருண்டு மேடைக்குக் கீழே விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. துண்டில் ரத்தம். தூக்கிக்கொண்டு ஓடினோம்.

உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், நெஞ்சு முழுக்க வெள்ளைப் புள்ளி. "இனிமே ஊதக்கூடாது. பலூன்கூட ஊதக்கூடாது" என்றார். நீ மே மாதமே காதால் கேட்டதைத்தான் அவர் படம் பிடித்து வைத்திருந்தார்.

சங்கம் அடங்கவில்லை. "கண்ணு பட்டுடுச்சி. அந்த மூணாம் வரிசக்காரன் கண்ணுதான் எங்க அண்ணன சாச்சிடுச்சி. பத்திரிகை ஆபீஸ ஒடச்சாவது அவன வெளிய இழுக்கணும்" என்று முனியப்பன் கடப்பாரையோடு கிளம்பிவிட்டார். முப்பது பேர் பின்னால். போனால் உன் பெயர் வந்துவிடும். நான் தெருவில் குறுக்கே நின்று, "நான்தான் எழுதினேன்" என்றேன்.

நம்ப மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உடனே நம்பிவிட்டார்கள். முனியப்பன் அடிக்கக்கூட இல்லை. மிச்சமிருந்த எட்டுச் சாவுக் கார்டையும் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார். தெருவில் யாரும் பேசுவதில்லை. சம்பூர்ணத்துக்குக் குழாயடியில் முறை விடுவதில்லை. பரவாயில்லை. அது எனக்கு வர வேண்டியதுதான்.

உன் உறையை நேற்றுச் சிரிலிடம் கொடுத்தேன். யார் எழுதினார்கள், ஏன் தாமதம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். படித்துவிட்டு, எழுதக் கார்டு கேட்டார்.

என்னை மன்னிக்க வேண்டாம். கடிதம் மட்டும் போடு.

பெர்னார்ட்

---

நீலசந்திரா
5-11-1957

மதிப்பிற்குரிய லூர்துமேரி டீச்சருக்குக் கிளாரினெட் சிரிலின் ஸ்தோத்திரம். கார்டின் மூலையில் கறுப்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆள் இருக்கிறேன். பெர்னார்ட் வீட்டில் வேறு கார்டு இல்லை.

அவனைத் திட்டாதீர்கள். உறையை முன்பே கொடுத்திருந்தாலும் வாசித்திருப்பேன். உங்கள் விமர்சனம் வந்த அன்றே இது நம்ம லைன் வீட்டுக் காது என்று தெரிந்துகொண்டேன். என் மூச்சு எனக்குத் தெரியாததா? சனங்கள் அதைப் பாணி என்று கைதட்டினார்கள், நானும் அப்படியே நம்பிவிடலாம் என்று பார்த்தேன். நீங்கள் விடவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் நாலு மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு யாருக்காகவும் வாசிக்கவில்லை. எதிரே இருந்த அந்தக் காலி நாற்காலிக்குத்தான் வாசித்தேன்.

அந்தக் கச்சேரியைப் பற்றித் 'தூதனில்' இன்னும் ஒன்றும் வரவில்லை. நீங்கள் இரண்டு மணி நேரம் என்று எழுதினீர்கள். மூன்று மணி பத்து நிமிஷம் வாசித்தேன், கடிகாரம் சாட்சி. அதையும் எழுதுங்கள்.

சிரில்